டிரைவர் மூட்டையைத் தொடக்கூடாது

போன வாரம் கம்பம் லாரி நிறுத்தத்தில் டீ குடித்துக்கொண்டிருந்தேன். இளவட்ட டிரைவர்கள் நாலைந்து பேர் பக்கத்தில் இருந்தார்கள். அதில் ஒருவன், "பெருசு, ஒங்க காலத்துல அடுப்புக் கரியில லாரி ஓடுச்சாம்ல? மெய்யா, இல்ல எங்களக் கேலி பண்றாகளா?" என்று கேட்டான். இன்னொருவன், "ஆமாடா, பின்னாடி இட்டிலி அவிச்சுக்கிட்டே போவாக" என்றான். எல்லாரும் சிரித்தார்கள். எனக்குச் சுள்ளென்று வந்தது. ஆனாலும் அந்த இட்லிப் பேச்சு நன்றாகத்தான் இருந்தது, நானும் சிரித்துவிட்டேன். அவர்களிடம் வாயால் சொன்னதைத்தான் இங்கே எழுதுகிறேன். சொன்னபோது இரண்டு பேர் நடுவில் எழுந்து போய்விட்டார்கள். நீங்கள் போகமாட்டீர்கள் என்று நம்புகிறேன்.

நான் எடுத்த எடுப்பில் டிரைவர் ஆனவன் இல்லை. கம்பத்தில் ஒரு வியாபாரியின் கிட்டங்கியில், சரக்கு அடுக்கி வைக்கிற குடோனில், மூட்டை தூக்கியவன். மலையிலிருந்து ஏலக்காயும் மிளகும் இறங்கும். இங்கிருந்து அரிசி, பருப்பு, உப்பு, கருவாடு எல்லாம் எஸ்டேட்டுகளுக்கு ஏறும். கிட்டங்கியில் இரண்டிரண்டு பேராக ஜோடி சேர்ந்துதான் வேலை. ஒருவன் அடுக்கின் மேல் நின்று மூட்டையைச் சாய்த்துக் கொடுப்பான். மற்றவன் கீழே குனிந்து முதுகில் வாங்குவான். பாரம் முழுசாக முதுகில் உட்கார்ந்ததும், வாங்கியவன் "வந்துச்சு" என்று குரல் கொடுப்பான். அந்தக் குரல் வராமல் மேலே நிற்பவன் கையை எடுக்கக் கூடாது. எடுத்தால் கீழே இருப்பவனின் இடுப்பு போய்விடும். கிட்டங்கிக்குள் நுழைந்தால் நாள் முழுக்க அந்த "வந்துச்சு, வந்துச்சு"தான் கேட்கும்.

என் ஜோடி ஒச்சப்பன். குட்டையான ஆள். கழுத்து என்று ஒன்று அவனுக்குக் கிடையவே கிடையாது. தலையைத் தோள்மேல் வைத்து அழுத்தினது மாதிரி இருப்பான். ஒரு மழைக்காலத்தில் அரிசி அடுக்கு சரிந்து என் இடது தோளில் விழுந்தது. எலும்பு கூடிவிட்டது, ஆனால் அந்தத் தோள் அதற்குப் பிறகு பாரம் தாங்கவில்லை. மூட்டை உட்கார்ந்தால் கண் இருட்டிக்கொண்டு வரும். வெளியே தெரிந்தால் வேலை போய்விடும். வீட்டில் பெண்டாட்டியும் இரண்டு பிள்ளைகளும். ஒச்சப்பன் ஒன்றும் கேட்கவில்லை. மாற்றி மாற்றிக் குனிகிற வழக்கத்தை விட்டுவிட்டு, எல்லா மூட்டையையும் அவனே முதுகில் வாங்க ஆரம்பித்தான். கூலியை மட்டும் எப்போதும்போல் சரிபாதியாகப் பிரித்தான். நான் ஏதாவது சொல்ல வாயெடுத்தால், "ஏலே, ஒனக்கு மேல நின்னு சாய்க்கத் தெரியும், எனக்குக் குனியத் தெரியும். சும்மா வேலையப் பாரு" என்பான். அந்த நன்றியை இந்தக் கட்டை வேகிற வரைக்கும் மறக்க மாட்டேன்.

கிட்டங்கிக்கு மானேஜர் ஞானமுத்து சார். அனுமந்தன்பட்டியில் ஒரு கத்தோலிக்கக் குடும்பத்துப் பிள்ளை. வெள்ளை முழுக்கைச் சட்டை, கழுத்துப் பொத்தான் வரை போட்டிருப்பார். வெயிலோ மழையோ கையில் குடை. மூட்டை தூக்குகிறவர்களைக்கூட வாங்க, போங்க என்றுதான் பேசுவார். அந்தக் காலத்தில் அது பெரிய சங்கதி. சத்தம் போட்டுத் திட்டி நான் கேட்டதில்லை. ஆனால் அவருக்கு ஒரு கேள்வி உண்டு. அதற்குப் பயந்தே எல்லாரும் ஒழுங்காக வேலை செய்தார்கள். கயிறு கட்டியாச்சு, கூரை ஒழுகவில்லை, கதவு பூட்டியாச்சு என்று எதைச் சொன்னாலும், தலையைச் சாய்த்துக்கொண்டு, "கண்ணால பாத்தீகளா, கையால பாத்தீகளா?" என்று கேட்பார். கண்ணால்தான் பார்த்தேன் என்றால் ஒன்றும் சொல்லமாட்டார். நாம் திரும்பிப் போய்த் தொட்டுப் பார்த்துவிட்டு வருகிற வரை குடையை ஊன்றி அங்கேயே நின்றுகொண்டிருப்பார். அதற்குப் பதில் நம்மை நாலு அடி அடித்துவிடலாம்!

சண்டைக் காலம் வந்தது. இரண்டாவது உலகச் சண்டையைச் சொல்கிறேன். பெட்ரோலுக்கு ரேஷன். லாரிகளுக்குக் கரி கேஸ் டாங்கி பூட்டினார்கள். எங்கள் வண்டியை ஓட்டிக்கொண்டிருந்தவர், பட்டாளத்தில் டிரைவர்களுக்கு நல்ல சம்பளம் என்று பெயர் கொடுத்துவிட்டுப் போய்விட்டார். வண்டி இருக்கிறது, ஓட்ட ஆளில்லை.

அந்த வாரத்தில் ஒரு நாள் ஞானமுத்து சார் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "ஒங்க தோளு இனிமே மூட்டைக்கு ஆகாது. ஒச்சப்பன் எம்புட்டு நாளைக்கு ரெண்டாள் வேல பாப்பாரு?" என்றார். எனக்கு உயிரே போய்விட்டது. இத்தனை நாள் தெரிந்துகொண்டேதான் இருந்திருக்கிறார். வீட்டில் என்ன சொல்வது என்று யோசித்துக்கொண்டு நின்றேன்.

"கால் ரெண்டும் நல்லாருக்குல்ல?" என்றார்.

"இருக்கு சார்."

"அப்ப வண்டிக்கு வாங்க."

பழகிய கதையை நீட்ட வேண்டாம். உத்தமபாளையத்தில் இருந்த ஒரு டிரைவரிடம் சில மாதங்கள் கிளீனராக அலைந்தேன். ஏச்சும் பேச்சும் வாங்கினேன். மதுரைக்குப் போய் லைசென்ஸ் எடுத்து வந்தேன். சமதரையில் ஓட்டுகிற வரை எல்லாம் சுகமாகத்தான் இருந்தது.

பழக்கதோஷம் மட்டும் போகவில்லை. வண்டியைக் கிட்டங்கி வாசலில் நிறுத்தியதும் நான் கீழே குதித்து, நல்ல தோளைக் கொடுத்து மூட்டைக்குக் கைபோடுவேன். ஞானமுத்து சார் குடையை நீட்டி மறிப்பார். "டிரைவர் மூட்டையைத் தொடக்கூடாது." எனக்கு அது கௌரவப் பேச்சாகப் பட்டது. நேற்று வரை என்னோடு தூக்கியவர்கள் இன்றைக்கும் தூக்க, நான் மட்டும் காலாட்டிக்கொண்டு உட்காருவதா? ஒருநாள் கேட்டே விட்டேன். அவர் கோபப்படவில்லை. ஒரு மூட்டையைத் தூக்கி இறக்கச் சொன்னார். இறக்கியதும், "இப்பக் கைய நீட்டுங்க" என்றார். நீட்டினேன். விரல் எல்லாம் நடுங்கிக்கொண்டிருந்தது. "இந்தக் கைய வச்சுத்தான் மலையில வளைவு திருப்பப் போறீகளா?" என்றார். அதற்குப் பிறகு நான் கேட்கவில்லை. ஆனால் உட்கார்ந்திருப்பது கடைசிவரை எனக்குக் கஷ்டமாகத்தான் இருந்தது.

கரி வண்டி கிளப்புகிற வேலையைப் பற்றி அந்தப் பையன்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். இப்போது சாவியைத் திருகினால் வண்டி கத்துகிறது. எங்களுக்கு அப்படி இல்லை. டிரைவர் சீட்டுக்குப் பின்னால் ஆள் உயரத்துக்கு ஒரு டாங்கி, அதில் கரி எரிந்து வருகிற கேஸில்தான் எஞ்சின் ஓடும். காலையில் முதலில் அதன் அடியில் கிடக்கிற சாம்பலையும் கட்டியையும் சுரண்டி எடுக்க வேண்டும். பிறகு மேல் மூடியைத் திறந்து கரியைக் கொட்ட வேண்டும். அடியில் எண்ணெய்த் துணியைக் கொளுத்தி வைத்துவிட்டு, தீக்குக் காற்று ஊதுகிற காற்றாடியைக் கையால் சுற்ற வேண்டும். முதலில் வெள்ளைப் புகையாக வரும், இருமல் பிய்த்துக்கொண்டு போகும். சுற்றிக்கொண்டே இருந்தால் புகை தெளியும். அப்போது பக்கத்துக் குழாய் வாயில் தீக்குச்சியைக் காட்ட வேண்டும். மஞ்சளாகப் பற்றி அணைந்தால் இன்னும் சுற்று என்று அர்த்தம். நீலமாக நின்று எரிந்தால் கேஸ் தயார். கொஞ்சம் பெட்ரோலில் கிளப்பி, பிறகு கேஸுக்கு மாற்ற வேண்டும். இதெல்லாம் முடிவதற்குள் மூஞ்சி கரிச்சட்டி ஆகிவிடும். இட்லி அவிக்க நேரம் எங்கே?

முதலாளிக்கு என்மேல் நம்பிக்கை இல்லை. "மூட்ட தூக்குறவன நம்பி வண்டிய மலையில விடுறதா? மதுரையிலேருந்து ஆளக் கூப்புடுங்க" என்று சொல்லியிருக்கிறார். ஞானமுத்து சார், "ஒரு நடை பாப்போம். நானே கூடப் போறேன்" என்று சம்மதம் வாங்கியிருக்கிறார். என்னிடம் வந்து, "இந்த ஒரு நடை நல்லபடியா போயிட்டு வந்தா வண்டி ஒங்களுக்கு" என்றார். வராவிட்டால் என்ன என்று அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. மதுரை ஆள் வந்தால் எனக்குக் கிட்டங்கிதான். அந்தத் தோளை வைத்துக்கொண்டு கிட்டங்கியும் இல்லை.

குமுளிக்கு அப்பால் ஒரு எஸ்டேட்டுக்கு அரிசி. அங்கே கொழுந்து எடுக்கிற சனத்துக்கு அந்த வாரத்துக்கு அளந்து கொடுக்கிற படி. சாரல் மாதம். பெண்டாட்டி பேச்சி வாசலில் நின்று, "ஏய்யா, மலையில ஓட்டித்தான் ஆகணுமா? உசுரோட வந்து சேருங்க" என்று கண்ணைக் கசக்கினாள். நல்ல காரியத்துக்குப் போகும்போது அழாதே என்று ஒரு அதட்டுப் போட்டுவிட்டுக் கிளம்பினேன். எனக்கும் பயம்தான்.

சார் என் பக்கத்தில், குடையோடு. ஒச்சப்பன் பின்னால் மூட்டைமேல் படுதாவுக்கு அடியில். கூடலூர் தாண்டி மலையடிவாரத்தில் நிறுத்தி, கரியைக் கிண்டிவிட்டு, காற்றாடி சுற்றி, நீலத்தீ பார்த்து ஏற ஆரம்பித்தோம். பாதி மலை வரை வண்டி முனகிக்கொண்டாவது ஏறியது. மேலே போகப்போகச் சாரல் வலுத்தது. கரி நமுத்துவிட்டது. கேஸ் குறைந்தது. கொண்டை ஊசி வளைவு ஒன்றைத் திருப்பி முடித்த இடத்தில், நல்ல ஏற்றத்தில், எஞ்சின் இரண்டு தும்மல் போட்டு நின்றுபோனது.

கால் பிரேக்கை மிதித்தேன். கை பிரேக்கை இழுத்தேன். படார் என்று ஒரு சத்தம். அதன் கம்பி அறுந்து, கைப்பிடி பொம்மை மாதிரி ஆடியது.

ஒச்சப்பன் குதித்து ஓடிப்போய்ச் சக்கரத்துக்குப் பின்னால் கட்டையை அண்டை கொடுத்தான். செம்மண் சேற்றில் கட்டை வழுக்கியது. கல்லைப் பொறுக்கி வைத்தான். வண்டியைக் கியரில் போட்டும், பாரம் இழுத்ததில் கொஞ்சம் கொஞ்சமாகப் பின்னால் நழுவப் பார்த்தது. என் வலது கால் ஒன்றுதான் அதைப் பிடித்து நிறுத்தியிருந்தது. இடது பக்கம் பாறை. வலது பக்கம் எட்டிப் பார்த்தால் மரங்களின் உச்சிதான் தெரியும்.

சார் இறங்கி வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். "பாதி அரிசிய எறக்கினாத்தான் கெளம்பும். என்ன ஒச்சப்பன்?" என்றார்.

"ஆமா சார். பின்கதவு வழியாத்தான் எறக்கணும். வேற வழியில்ல" என்றான் அவன்.

பின்கதவு வழியாக என்றால் வண்டிக்கு நேர் பின்னால், இறக்கத்துப் பக்கம் நின்று வாங்க வேண்டும். வண்டி நழுவினால் முதலில் நசுங்குவது அவன்தான். "சார், நீங்க வந்து பிரேக்க மிதிங்க. நான் போயி எறக்குறேன். அவன் என் ஜோடி சார்" என்றேன்.

"டிரைவர் மூட்டையைத் தொடக்கூடாது" என்றார். குரல் உயரவே இல்லை. "கால எடுக்காம இருக்க முடியுமா? அத மட்டும் சொல்லுங்க."

"முடியும் சார்."

"கண்ணால..." என்று அந்தக் கேள்வியை ஆரம்பித்தார். எனக்கு எங்கிருந்து அந்தத் துணிச்சல் வந்ததோ, "காலால சொல்றேன் சார்" என்றேன்.

அவர் சட்டைப் பொத்தான்களை ஒவ்வொன்றாகக் கழற்றினார். சட்டையை மடித்து, சீட்டில் குடைக்குப் பக்கத்தில் வைத்தார். பனியனோடு பின்னால் போய் வண்டிமேல் ஏறினார். மூட்டையைச் சாய்த்துக் கொடுக்க இன்னொரு ஆள் வேண்டுமே. அது நான் நின்றிருக்க வேண்டிய இடம்.

ஒச்சப்பன் கீழேயிருந்து கத்தினான். "ஏலே! நீ கால எடுத்தேன்னா நாளான்னிக்கு எனக்குப் பால் ஊத்திருவாக. பாத்துக்க!"

"பேசாதடா, பேசாதடா!" என்று நானும் கத்தினேன்.

பின்னால் என்ன நடக்கிறது என்று எனக்குத் தெரியவில்லை. முன்னால் சாரலும் பாறையும்தான். காது மட்டும் பின்னால் இருந்தது. முதல் மூட்டை சரிகிற சத்தம். உடனே ஒச்சப்பன், "சார்! நான் 'வந்துச்சு'ன்னு சொல்லாமக் கைய விடாதீக! இடுப்பு போயிரும்!" என்று மானேஜரையே அதட்டினான். "சரிப்பா, சரிப்பா" என்றார் அவர். அடுத்த மூட்டையிலிருந்து ஒழுங்காகக் கேட்டது. "வந்துச்சு." சேற்றில் நடக்கிற சத்தம். பாறையோரம் மூட்டை விழுகிற சத்தம். திரும்ப வருகிற சத்தம். "வந்துச்சு."

என் தொடை முதலில் வலித்தது. பிறகு மரத்தது. பிறகு தானாகவே உதற ஆரம்பித்தது. இரண்டு கையாலும் முழங்காலை அழுத்திப் பிடித்துக்கொண்டேன். ஒவ்வொரு மூட்டைக்கும் வண்டி ஒரு குலுங்கு குலுங்கியது. அவன் குரல் கொஞ்சம் தாமதமானால், ஆத்தா, தாயே, என்று வாய்விட்டே சொன்னேன். என் பங்கையும் சேர்த்துச் சுமந்தவன் என் காலை நம்பிப் பின்னால் நிற்கிறான். எழுந்து போய் அவன் முதுகிலிருந்து ஒரு மூட்டையையாவது வாங்கிக்கொள்ள உடம்பெல்லாம் துடித்தது. அந்த மலையில் நான் அவனுக்குச் செய்யக்கூடிய ஒரே காரியம் அசையாமல் உட்கார்ந்திருப்பதுதான் என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது. உட்கார்ந்திருந்தேன்.

பாதி இறங்கியதும் மூட்டைகளைப் படுதா போட்டு மூடினார்கள். வண்டியின் இழுப்பு குறைந்தது, கல்லும் கட்டையும் பிடித்துக்கொண்டன. சார் காற்றாடியைச் சுற்றினார். பனியன், மூஞ்சி எல்லாம் கரியும் சேறும். நீலத்தீ வந்தது. ஒச்சப்பன் முன்னால் வந்து கைப்பிடி போட்டுச் சுற்றி எஞ்சினைக் கிளப்பினான். அந்தக் கால வண்டிகளில் ஸ்டியரிங் நடுவில் கையால் இழுக்கிற ஆக்சிலேட்டர் ஒன்று உண்டு. அதை இழுத்து எஞ்சினை உறும வைத்து, கிளட்சை விட்டு, அது பிடித்த பிறகுதான் பிரேக்கிலிருந்து காலை எடுத்தேன். வண்டி ஏறியது.

இறக்கிய மூட்டைகளுக்குக் காவலாகச் சார் அங்கேயே நின்றுகொண்டார். நானும் ஒச்சப்பனும் குமுளி சேர்ந்தோம். இறங்கியதும் கால் நிற்காமல் மடிந்து உட்கார்ந்துவிட்டேன். ஒரு கொல்லர் பட்டறையில் பிரேக் கம்பி மாற்றினோம். காய்ந்த கரி வாங்கினோம். பாதி அரிசியை ஒரு கடையில் இறக்கிவிட்டு, இரண்டு ஆட்களோடு திரும்பிப் போய் மீதியையும் சாரையும் ஏற்றி வந்தேன். பொழுது சாய்வதற்குள் எஸ்டேட்டில் அரிசி இறங்கியது. வாசலில் கூட்டமாகக் காத்திருந்த சனம், "அரிசி வந்துருச்சு, அரிசி வந்துருச்சு" என்று குடியிருக்கிற லயத்து வீடுகள் பக்கம் ஓடிப்போய்ச் சொன்னார்கள். எனக்கு வயிறு நிறைந்தது மாதிரி இருந்தது.

மறுநாள் காலையில் ஏலக்காய் ஏற்றிக்கொண்டு கிளம்பினோம். ஒச்சப்பன் முதுகெல்லாம் தோல் உரிந்து சிவந்து கிடந்தது. சார் அதைப் பார்த்துவிட்டு, "நீங்க முன்னால ஏறுங்க ஒச்சப்பன். நான் மூட்டை மேல வர்றேன்" என்றார். அவன் மறுத்தான், கெஞ்சினான், கும்பிட்டான். ஒன்றும் நடக்கவில்லை. கல்யாண வீட்டில் முதல் பந்தியில் உட்கார்த்தி வைத்த ஆள் மாதிரி, சாயாமல், எதையும் தொடாமல், சீட்டு நுனியில் உட்கார்ந்தான். சார் அழுக்குப் பனியனோடு பின்னால் ஏறிக்கொண்டார். வெள்ளைச் சட்டையை ஏலக்காய்த் தூசி படாமல் சுருட்டி என்னிடம் கொடுத்திருந்தார்.

குமுளியில் திருவாங்கூர்க்காரர்களின் சோதனைச் சாவடி. காவல்காரன் முன் சீட்டைப் பார்த்து ஒச்சப்பனுக்கு ஒரு சலாம் வைத்தான். பிறகு பின்னால் கையைக் காட்டி, "அது ஆரு?" என்றான். ஒச்சப்பன் கொஞ்சமும் யோசிக்கவில்லை. "நம்ம லோடுமேனு" என்றான். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. சாவடி தாண்டிக் கொஞ்ச தூரம் வந்த பிறகுதான், சார் விழுந்து விழுந்து சிரிப்பது கேட்டது. அவர் சிரித்து நான் கேட்டது அன்றைக்குத்தான்.

இறக்கம் தொடங்கியதும் ஒச்சப்பன் சீட்டை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டான். "ஏலே, முன்னால உக்காந்தா இம்புட்டுப் பயமா இருக்கும்னு ஒருத்தனும் சொல்லலியேடா. மூட்டை மேல படுத்துட்டு வந்தா வானம் மட்டும்தான் தெரியும்" என்றான்.

முந்தின நாள் நின்ற வளைவு வந்தது. சார் அதுவரை என் வேலையைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. வண்டி நடுமலையில் நின்றுபோனதும், பாதி அரிசியை ரோட்டில் இறக்கியதும் முதலாளிக்குத் தெரிந்தால் போதும், மதுரைக்கு ஆள் போய்விடும். சார் மனதில் என்ன இருக்கிறதோ?

"ஒச்சப்பா, பின்னால எட்டிப் பாரு. சார் மொகம் எப்படி இருக்கு?" என்றேன்.

அவன் பயந்து பயந்து தலையை மட்டும் திருப்பி, பின்பக்கத்துச் சின்ன ஜன்னல் வழியாகப் பார்த்தான். திரும்பவே இல்லை.

"என்னடா? கோவமா இருக்காகளா?"

"ஏலே... சாரு உறங்குறாகடா" என்றான். "வாயத் தொறந்துக்கிட்டு உறங்குறாக."

அசதி என்று நீங்கள் சொல்லிக்கொள்ளுங்கள். எதையும் கையால் தொட்டுப் பார்க்காமல் நம்பாத மனுஷன், குமுளி மலை இறக்கத்தில், நேற்று பிரேக் அறுந்த வண்டியில், என்னை நம்பி உறங்குகிறார். எனக்கு அழுகை பொங்கிக்கொண்டு வந்துவிட்டது. ரோடு மங்கலாகத் தெரிந்தது. வளைவில் இரண்டு கையும் ஸ்டியரிங்கில் இருந்தன, எடுக்க முடியாது.

"ஒச்சப்பா, கண்ணத் தொடச்சு விடுடா" என்றேன்.

அவன் தோள்துண்டை எடுத்து, கரி ஒட்டிக் கிடந்த என் மூஞ்சியை அழுத்தித் துடைத்துவிட்டான். "அழுகுறத வீட்ல போயி வச்சுக்க" என்றான். "இப்ப ரோட்டப் பாத்து ஓட்டு, டிரைவரே."